இரண்டு சுற்று ஓட்டத்தில் வேகம் பெரிதா, தம் பெரிதா?

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜகார்த்தாவில் ஆசியத் திடல்தடப் போட்டி நடந்தது. அந்தப் போட்டி என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருபவர் பி.டி. உஷா. ஒரே போட்டியில் ஐந்து தங்கம் வாங்கியவரை விட்டுவிட்டு வேறு யாரைப் பேசுவார்கள்? ஆனால் அதே தளத்தில், அதே நாள்களில், மலேசியாவின் பி. ராஜ்குமார் 800 மீட்டர் ஓட்டத்தில் ஆசியாவிலேயே முதல் ஆளாக வந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 47.37 வினாடி.

அந்த நேரம் 35 ஆண்டுகளுக்கும் மேலாக மலேசியாவின் தேசியச் சாதனையாக நின்றது. இடையில் எத்தனையோ மாறிவிட்டன. மாநிலந்தோறும் புதிய அரங்கங்கள் எழுந்தன. கரித்தூள் பரப்பிய ஓடுதளங்கள் போய்ச் செயற்கைத் தளங்கள் வந்தன. காலணியின் எடை குறைந்தது. 1996-இல் புக்கிட் ஜாலிலில் விளையாட்டுப் பள்ளியே தொடங்கப்பட்டது. 1.47.37 மட்டும் அசையவில்லை. ராஜ்குமாருக்குப் பின் வந்தவர்களுக்கு வேகம் போதவில்லையா, பலம் போதவில்லையா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பத்து காவான் பொருத்தமான இடம். பினாங்கு என்றால் தீவும் ஜார்ஜ்டவுனும்தான் பலர் கண்முன் வரும். பத்து காவான் இருப்பது பெருநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில். ஒரு காலத்தில் கரும்பு, பிறகு பால்மரம், அதற்குப் பிறகு செம்பனை என்று தோட்டங்களாலேயே வாழ்ந்த வட்டாரம் அது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த மண்ணில் 2000-ஆம் ஆண்டில், பினாங்கு ஏற்று நடத்திய சுக்மா போட்டிக்காக, சுமார் 40,000 பேர் அமரக்கூடிய மாநில அரங்கம் திறக்கப்பட்டது. 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கே வந்து கரையேறியது. செம்பனை நின்ற இடங்களில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

ஓட்டத்துக்குத் தளம் வந்துவிட்டது. ஓட்டம் எங்கே நின்றது என்பதைப் புரிந்துகொள்ள 800 மீட்டர் ஓட்டம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பள்ளி விளையாட்டு தினத்தில் 100 மீட்டருக்குக் கிடைக்கும் கைத்தட்டல் 800 மீட்டருக்குக் கிடைப்பதில்லை. முதல் சுற்றில் கூட்டம் தேநீருக்குப் போய்விடும். கடைசி 100 மீட்டரில் ஒருவன் பின்னாலிருந்து பாய்ந்து வந்து ஜெயித்தால் மட்டும், 'என்னமா வேகம் எடுத்தான் பார்' என்று வியப்பார்கள். உண்மையில் அவன் வேகம் எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு வேகம் குறைந்தது. அவனுக்கு அவ்வளவாகக் குறையவில்லை. அவ்வளவுதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டேவ் வாட்டில், தலையில் தொப்பியோடு, முதல் சுற்றில் எல்லாருக்கும் கடைசியாக ஓடினார். பிறகு ஒவ்வொருவராகத் தாண்டிக் கடைசி அடியில் தங்கத்தைப் பறித்தார். பார்த்தவர்களுக்கு அது மின்னல் பாய்ச்சலாகத் தெரிந்தது. ஒவ்வொரு 200 மீட்டருக்கும் அவர் எடுத்த நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. முன்னால் வேகமாகப் போனவர்கள்தான் தளர்ந்து அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஆக, இரண்டு சுற்று ஓட்டத்தில் வேகம் என்பது கையிலிருக்கும் பணம் மாதிரி. தம் என்பது அதைச் செலவழிக்கும் விதம். பணமே இல்லாதவன் கடைக்குள் நுழைய முடியாது. இருப்பதையெல்லாம் முதல் கடையிலேயே கொட்டியவன் வீடு திரும்பப் பேருந்துக் காசு இருக்காது.

இதில் எதை முதலில் வளர்ப்பது என்பதில்தான் உலகப் பயிற்றுநர்கள் முக்கால் நூற்றாண்டாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

வேகத்தின் பக்கம் முதலில் நின்றவர்கள் ஜெர்மானியர்கள். வோல்டமார் கெர்ஷ்லர் என்ற பயிற்றுநர் இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து இடைவெளிப் பயிற்சியை வகுத்தார். 100, 200 மீட்டர் என்று சிறு தூரத்தை விரைவாக ஓட வேண்டும். நாடித்துடிப்பு 180 வரை ஏறும். அது 120-க்கு இறங்கியதும் மறுபடி ஓட வேண்டும். அவருடைய சீடர் ருடால்ப் ஹார்பிக் 1939-இல் மிலானில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அடுத்த மாதமே 400 மீட்டரில் 46.0 வினாடியுடன் அங்கேயும் உலகச் சாதனை செய்தார். அவருடைய 800 மீட்டர் சாதனையை 1955 வரை எவராலும் நெருங்க முடியவில்லை. கரித்தூள் தளத்தில் ஓடிய அந்த நேரம், 46 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியத் தங்கத்தை வென்ற நேரத்தைவிடவும் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஹார்பிக் அதற்குமேல் ஓட வாழ்க்கை விடவில்லை. 1944-இல் கிழக்குப் போர்முனையில் மாண்டார்.

பலத்தின் பக்கம் பேசியவர்கள் உலகின் தென்கோடியிலிருந்து வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்சி செருட்டி தம் மாணவர்களைக் கடற்கரை மணல்மேட்டில் ஏறி ஓட வைத்தார். பளு தூக்கவும் வைத்தார். அவரிடம் வளர்ந்த ஹெர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 வினாடியில் உலகச் சாதனையோடு வென்றார். 1957 முதல் ஓய்வு பெறும்வரை ஒரு மைல் ஓட்டத்திலும் 1500 மீட்டரிலும் அவரை எவரும் தோற்கடிக்கவில்லை.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் கதை அதைவிட விசித்திரம். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பட்டமும் இல்லை, பயிற்சி நிலையமும் இல்லை. தம் உடம்பையே சோதனைக்கூடமாக்கி, வாரத்துக்கு எத்தனை மைல் ஓடினால் மனிதன் தேறுவான் என்று பார்த்தார். வாரம் 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் என்று முடிவுக்கு வந்தார். அதை மாரத்தான் வீரனுக்குச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். இரண்டே சுற்று ஓடும் பீட்டர் ஸ்னெல்லுக்கும் அதையே விதித்தார். ஓக்லண்டு மலைச் சாலையில் 35 கிலோமீட்டர் சுற்றிவரச் சொன்னார். 1.46 ஓடுவதற்கு இரண்டரை மணி நேரம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு ரோம் நகரில் பதில் கிடைத்தது. 1960 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்னெல் 800 மீட்டரை வென்றார். அதே நாள் மாலை, சிறிது நேரத்திலேயே, லிடியார்டின் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரை வென்றார். ஒரே தெருக்காரர் தயாரித்த இரண்டு தங்கம்! 1962 பிப்ரவரியில் ஸ்னெல் புல்தரையில் 1 நிமிடம் 44.3 வினாடி ஓடி உலகச் சாதனை படைத்தார். 1964 தோக்கியோவில் 800, 1500 இரண்டையும் வென்றார்.

லிடியார்டை நீண்ட ஓட்டக்காரர் என்று மட்டும் புரிந்துகொண்டவர்கள் பாதியைத்தான் படித்தார்கள். அவருடைய முறையில் வரிசை முக்கியம். முதலில் பல வாரம் நீண்ட ஓட்டம். பிறகு மேட்டில் துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி. அதற்குப் பிறகுதான் தளத்தில் இறங்கி வேகம். அஸ்திவாரம் காயும் முன்னே சுவர் எழுப்பக் கூடாது என்பது கொத்தனாருக்குத் தெரிந்த சங்கதிதானே.

இதற்கு நேர் எதிர்த் துருவம் கியூபாவின் அல்பெர்தோ ஹுவாந்தொரேனா. ஆறடிக்கு மேல் உயரம். முதலில் கூடைப்பந்து ஆடியவர். போலந்துக்காரப் பயிற்றுநர் ஒருவர் அவரை 400 மீட்டருக்குத் தயாரித்து, பிறகு 800-க்கும் இறக்கிவிட்டார். 1976 மொன்றியால் ஒலிம்பிக்கில் அவர் 800 மீட்டரை 1 நிமிடம் 43.50 வினாடியில் உலகச் சாதனையோடு வென்று, 400 மீட்டரை 44.26 வினாடியில் வென்றார்.

இருவரையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஹுவாந்தொரேனா 800-இல் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட சராசரி 51.75 வினாடி. அவருடைய 400 மீட்டர் வேகத்தைவிட அது ஏழு வினாடிக்கும் மேல் மெதுவானது. ஸ்னெல்லின் சராசரி 52.15. ஆனால் அவரால் ஒரு சுற்றை ஓட முடிந்த நேரமே 48 வினாடியை ஒட்டியதுதான். அதாவது ஸ்னெல் தம் உச்ச வேகத்துக்கு மிக அருகிலேயே இரண்டு சுற்றும் ஓடினார். கியூபாக்காரர் தம் வேகத்தில் பெரும்பகுதியை மிச்சம் வைத்துக்கொண்டு ஓடினார். ஒருவர் தம்மால் வந்தார், மற்றவர் வேகத்தால் வந்தார், சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்று. பின்னாளில் செபாஸ்தியன் கோவும் டேவிட் ருடிஷாவும் இரண்டுக்கும் நடுவில் நின்று இருவரையும் மிஞ்சினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ருடிஷா 1 நிமிடம் 40.91 வினாடி ஓடியபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. உலகச் சாதனைக்காரனும் இரண்டாவது சுற்றில் தளர்கிறான். எவ்வளவு தளர்கிறான் என்பதுதான் போட்டி.

மொன்றியால் இறுதி ஓட்டத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் சுற்றில் எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் ராஜஸ்தானைச் சேர்ந்த ராணுவ வீரர் ஸ்ரீராம் சிங். அவர் 400 மீட்டரை 50.85 வினாடியில் கடந்தபோது ஹுவாந்தொரேனா பின்னாலிருந்தார். இரண்டாவது சுற்று ஸ்ரீராமுக்கு ஏறக்குறைய 55 வினாடி ஆனது, ஏழாவதாக முடித்தார். நேரம் 1 நிமிடம் 45.77 வினாடி. 42 ஆண்டுகள், 2018 வரை, அதுவே இந்தியாவின் சாதனை. முன்னால் ஓடி வழிகாட்டிக் கொடுத்துவிட்டுத் தான் பின்தங்கிப் போனார் என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. அப்படி ஓடியிராவிட்டால் 1.45-ஐ அவர் பார்த்திருக்கவே மாட்டார் என்பதே சரியான கணிப்பு.

அவருக்குப் பின் 800 மீட்டரில் ஆசியாவை ஆண்டவர் ஒரு தமிழர். தேவகோட்டையில் பிறந்த சார்லஸ் பொரோமியோ, 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 1 நிமிடம் 46.81 வினாடியில் தங்கம் வென்றார். மூன்று ஆண்டு கழித்து ஜகார்த்தாவில் ராஜ்குமார். டில்லியில் தேவகோட்டைத் தமிழர், ஜகார்த்தாவில் மலேசியத் தமிழர். 80-களின் முற்பாதியில் ஆசியாவின் இரண்டு சுற்று ஓட்டம் தமிழ்ப் பெயர்களோடு இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இனி விஞ்ஞானம் என்ன சொல்கிறது? நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஏ.வி. ஹில் 1920-களில் ஓட்டக்காரர்களின் மூச்சை அளந்து பார்த்து, உடம்பு பிராணவாயுவைக் கடன் வாங்கி ஓடுகிறது என்று விளக்கினார். அதன் பிறகு நெடுங்காலம் 800 மீட்டர் பெரும்பாலும் கடனிலேயே ஓடும் ஓட்டம் என்ற எண்ணம் பயிற்றுநர்களிடம் ஊறிப்போயிருந்தது. ஆகவே வேகப் பயிற்சி, மேலும் வேகப் பயிற்சி. 2001-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. 400 மீட்டரில் தேவைப்படும் சக்தியில் 43 விழுக்காடும், 800 மீட்டரில் 66 விழுக்காடும், 1500 மீட்டரில் 84 விழுக்காடும் அப்போதைக்கப்போது இழுக்கும் மூச்சிலிருந்தே கிடைக்கிறது. இரண்டு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு மூச்சு! லிடியார்ட் கடிகாரமும் மைல்கல்லும் வைத்துக் கண்டதைத்தான் கருவிகள் 40 ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டன.

ஆனால் கதை மூச்சோடு முடியவில்லை. பலம் என்ற சொல்லே ஓட்டக்காரர்களிடம் இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. லிடியார்ட் பலம் என்றால் தம். செருட்டி பலம் என்றால் மணலை உதைக்கும் கால். கோ 800 மீட்டரை 1981-இல் 1 நிமிடம் 41.73 வினாடி ஓடியபோது அவருடைய பயிற்சியில் பளு தூக்குவதும் துள்ளல் பயிற்சியும் நிரந்தரமாக இடம் பிடித்திருந்தன. பளு தூக்கினால் தசை தடித்து ஓட்டம் கெட்டுவிடும் என்று கிழக்கிலும் மேற்கிலும் பயந்த காலம் அது. அந்தப் பயத்தை உடைத்தது 1999-இல் பின்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு. ஒன்பது வாரம், ஓடும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்குப் பதில் குதித்தல், குறுகிய வேக ஓட்டம், இலேசான பளுவை வெகுவேகமாகத் தள்ளுதல் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். ஓட்டக்காரர்களின் மூச்சுக் கொள்ளளவு கூடவில்லை. ஆனாலும் 5000 மீட்டர் நேரம் குறைந்தது. கால் தரையைத் தொட்டு எழும் ஒவ்வொரு அடியிலும் சக்தி விரயம் குறைந்ததே காரணம். சைக்கிள் சக்கரத்தில் காற்று சரியாக இருந்தால் அதே மிதியில் அதிக தூரம் போகுமே, அந்த மாதிரி.

இந்த அறிவையெல்லாம் வைத்துக்கொண்டு மலேசியத் தமிழரின் ஓட்ட வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வேகத்துக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை. ஆசியாவின் பறக்கும் டாக்டர் என்று பெயரெடுத்த மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். 2017 வரை, 49 ஆண்டுகள், அதைத் தேசிய அளவில் யாரும் முந்தவில்லை. பேராக் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி 1964 தோக்கியோவில் 400 மீட்டர் ஓடினார்; மறு ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுகளில் 400, 800 இரண்டிலும் தங்கம் வென்றார். பெண்களால் 800 மீட்டர் தாங்காது என்று 1928-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்தே அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டு, 1960-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அதற்கு ஐந்தே ஆண்டில் ஒரு தமிழ்ப்பெண் ஒரு சுற்றின் வேகத்தை இரண்டு சுற்றுக்கும் நீட்டிக் காட்டினார். மறுகோடியில் எம். ராமச்சந்திரன் இருக்கிறார். 90-களில் அவர் 5000, 10,000 மீட்டரில் ஏற்படுத்திய தேசியச் சாதனைகள் நெடுங்காலம் நின்றன. வேகத்துக்கு ஒரு ஜெகதீசன், தம்முக்கு ஒரு ராமச்சந்திரன். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருந்தவர் ராஜ்குமார். அப்படிப்பட்ட இன்னொருவர்தான் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? வேகம் சீக்கிரம் கண்ணில் படும். பன்னிரண்டு வயதுப் பையன் 100 மீட்டரில் நான்கு பேரை முந்தினால் ஆசிரியருக்கு அன்றே தெரிந்துவிடும். தம் அப்படியல்ல. அது ஆண்டுக்கணக்கில் சேர்வது. ஸ்னெல்லைப் போல 21 வயதில் ஒலிம்பிக் வென்றவர் அபூர்வம். பொரோமியோ ஆசியத் தங்கம் வென்றது 23 வயதில். கோ 1 நிமிடம் 41.73 வினாடி ஓடியது 24 வயதில், ஹுவாந்தொரேனா மொன்றியாலில் உலகச் சாதனை படைத்தது 25 வயதில். ஸ்ரீராம் சிங் மொன்றியாலில் 27 வயது. சுக்மா இளம் விளையாட்டாளர்களுக்கான போட்டி. அதில் பதக்கம் வேண்டும் என்ற அவசரத்தில் 17 வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் என்ன கொடுக்க முடியும்? வேகப் பயிற்சிதான் கொடுக்க முடியும். பலன் உடனே தெரியும். இருபது, இருபத்தொரு வயதில் அவன் படிப்புக்கோ தொழிற்சாலை வேலைக்கோ போய்விடுவான். தம் சேர வேண்டிய வயதில் அவன் தளத்திலேயே இருப்பதில்லை.

தோட்டம் இருந்த காலத்தில் இதற்கு ஓர் இயற்கை மாற்று இருந்தது. அதைப் பொற்காலமாகப் பேசுவது சரியல்ல. லயத்து வாழ்க்கையின் வறுமையை அனுபவித்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஆனால் நடைதூரத்துக்குக் குறைவில்லை, மாலையில் திடலுக்குக் குறைவில்லை, வேலைக்குப் போன பிறகும் தோட்டத்து அணிக்காக ஓடுகிறவர்கள் இருந்தார்கள். அடுக்குமாடிக்கு மாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த அடித்தளம் தானாகக் கிடைக்காது. இப்போது யாராவது திட்டமிட்டுத் தர வேண்டும்.

தருவதற்கு வேண்டியவை பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன. பத்து காவானிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போனால் செரோக் தொக்குன் மலைச்சாரல். லிடியார்டுக்கு ஓக்லண்டில் கிடைத்த மேட்டைவிட அது குறைந்ததல்ல. நீண்ட ஓட்டத்துக்கு அதிகாலையில் சாலை உண்டு. துள்ளல் பயிற்சிக்கு அரங்கத்தின் படிகளே போதும். பையனை 17 வயதில் பிடித்தால் முதல் இரண்டு ஆண்டுகள் பதக்கம் கேட்காமல் தம் சேர்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் மட்டும் வேகம் மங்காமல் காக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் இரண்டையும் சேர்த்துத் தளத்தில் இறக்க வேண்டும். 25 வயது வரை அவனுக்கு ஒரு வேலையும் ஓட நேரமும் கொடுக்கும் நிறுவனம் வேண்டும். பொரோமியோவுக்கு அப்படி ஒரு வேலை டாட்டா எஃகு நிறுவனத்தில் கிடைத்தது. பத்து காவானைச் சுற்றி நிற்கும் தொழிற்சாலைகளில் ஒன்றாவது அதைச் செய்ய முன்வரலாம்.

ராஜ்குமார் ஜகார்த்தாவில் ஓடிய நேரத்தை எட்டால் வகுத்தால் 100 மீட்டருக்கு 13.42 வினாடி வருகிறது. செபராங் பிறையின் எந்த இடைநிலைப்பள்ளியிலும் அந்த வேகத்தில் 100 மீட்டர் ஓடும் பையன்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் அதை மூச்சு வாங்க நிற்காமல் எட்டு முறை தொடர்ந்து ஓட வேண்டும்.